கல்லின் பிறப்பிடம் தேடிய பெருமகன் றொபேட் புறூஸ் பூட்

புதியவர் ஒருவரைச் சந்திக்கும்பொழுது அவர் பெயரையும் ஊரையும் வினாவி அறிவது நம்மவர் வழக்கம். பெயரை அறிந்த பின்னரும் ஊரை அறியும்வரை நமக்கு மனநிறைவு உண்டாவதில்லை. எவ்வூரார் என்பது தெரிந்த பின்னரே அவரை ஓரளவு அறிந்துகொண்டோம் எனக் கருதுகின்றோம். மனிதரிடம் நாம் கேட்கும் இவ்வினாவைக் கல்லிடம் கேட்டவர் ஒருவர் இருந்தார். தென்னிந்தியாவின் ஆற்றுப்படுகைகளிலும் மலைச்சாரல்களிலும் அரைநூற்றாண்டுக் காலம் நடந்து திரிந்து, கையில் எடுத்த ஒவ்வொரு கல்லையும் நோக்கி, இது பிறந்த பாறை எது, கிடந்த இடத்துக்கு இது எவ்வாறு வந்தது என ஆராய்ந்தார் அவர். அவ்வாராய்ச்சியின் பயனாகத் தமிழகத்து மண்ணில் மனிதன் வாழ்ந்த காலம், அதுவரை எவரும் எண்ணியிராத அளவு பின்னோக்கிச் சென்றது. இந்தியாவின் வரலாற்றுக்கு முந்திய கால ஆராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்படும் றொபேட் புறூஸ் பூட் அவர்களே அப்பெருமகனாவார்.

இளமையும் தொழிலும்

பூட் அவர்கள் 1834 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 22 ஆந் திகதி இங்கிலாந்திற் பிறந்தார். 1858 இல், தமது இருபத்துநான்காவது வயதில், இந்தியப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்திற் சேர்ந்து சென்னையை வந்தடைந்தார். அத்திணைக்களம் அப்பொழுது தோமஸ் ஓல்டாம் என்னும் அறிஞரின் தலைமையில் இயங்கி வந்தது. நிலக்கரி எங்கே உண்டு, பொன் எங்கே உண்டு என அறிவதே அரசினர் அதனை அமைத்ததன் முதல் நோக்கம். மண்ணுள் மறைந்திருக்கும் மனித வரலாற்றைத் தேடும்படி அதன் ஊழியர் எவரையும் அரசு பணித்ததில்லை.

புவிச்சரிதவியலாளன் வாழ்வு எளிதானதன்று. கூடாரத்தையும் உணவுப் பொருள்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்ல வேண்டும். சம்மட்டியாற் பாறையின் விளிம்பை உடைத்து, புதிதாக வெளிப்பட்ட முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கி, அதன் இனத்தை அறிந்து, படத்தில் நிறந்தீட்ட வேண்டும். இவ்வாறு பல்லாண்டு பழகிய கண்ணுக்கு ஒரு தனித்திறன் வாய்த்துவிடுகின்றது. ஒரு வெளியிற் பரந்து கிடக்கும் ஆயிரங் கற்களுள், அவ்விடத்துக்கு உரியதல்லாத கல் ஒன்று கிடப்பின், அக்கண் அதனை உடனே கண்டுகொள்ளும். பூட் அவர்களின் வெற்றிக்கு அடிப்படை இத்திறனேயாம்.

யாழ்ப்பாணத்துத் தொடர்பு

நமது வாசகர்கள் கேட்டு மகிழத்தக்க செய்தி ஒன்று இவ்விடத்தில் உண்டு. 1862 இல் பூட் அவர்கள் மணந்துகொண்ட மங்கை, பேர்சிவல் பாதிரியாரின் மகளாவார். யாழ்ப்பாணத்தில் உவெஸ்லியன் மிசன் பணியை மேற்கொண்டு, இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் வேம்படி மகளிர் கல்லூரிக்கும் வித்திட்டவர். இளைஞராயிருந்த ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். பின்னர் சென்னைக்குச் சென்று, 1855 இல் 'தினவர்த்தமானி' என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கியவர். மாநிலக் கல்லூரியிற் பேராசிரியராக விளங்கியவர். அப்பேர்சிவல் பாதிரியாரே இவருடைய மாமனார். தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி நூலாக்கிய பெருமையும் அவருக்கு உண்டு. மாமனார் மக்கள் நாவில் வழங்கிய முதுமொழிகளைத் தேடித் திரட்டினார். மருமகன் மக்கள் மறந்துவிட்ட முதுகருவிகளை மண்ணிலே தேடித் திரட்டினார். தமிழ் மண்ணின் பழமையை நாடிய இருவர் ஒரு குடும்பத்தினராய் அமைந்தது அழகிய பொருத்தமேயாகும்.

ஐரோப்பாவில் எழுந்த புயல்

பூட் அவர்கள் இந்தியாவுக்கு வந்த அக்காலத்தில், மனிதனின் தொன்மை பற்றிய பெரும் வாதம் ஒன்று ஐரோப்பிய அறிஞரிடையே மூண்டிருந்தது. பிரான்சிலுள்ள அபவில் என்னும் நகரிற் சுங்க அதிகாரியாக இருந்த பூசே த பேர்த் என்பவர், சொம் ஆற்றின் பழைய சரளைப் படிவுகளில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு மனிதன் செதுக்கிய தீக்கற் கருவிகளும் கிடைக்கின்றன எனப் பல்லாண்டுகளாகக் கூறிவந்தார். அவரை நம்புவார் மிகச் சிலரே. 1859 இல் ஆங்கில அறிஞர்களான பிரெஸ்ற்விச்சும் எவன்சும் அங்குச் சென்று, படிவுகளை நேரிற் கண்டு, அவர் கூற்று மெய்யே என ஏற்றுக்கொண்டனர். மனிதன் இவ்வுலகிற் சில ஆயிரம் ஆண்டுகளே வாழ்ந்துள்ளான் என்ற பழைய எண்ணம் அன்றே ஆட்டங்கண்டது.

ஆயினும் ஐயம் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. 1863 ஆம் ஆண்டின் இளவேனிலில், அபவில் நகருக்கு அண்மையிலுள்ள மூலான் கீனியோன் என்னும் சரளைக் குழியிலிருந்து மனிதத் தாடையெலும்பு ஒன்று வெளிப்பட்டது. பழங்கருவிகளுக்குப் பரிசு கொடுக்கப்படுவதை அறிந்த கூலியாட்கள் புதிய பொருள்களைப் பழைய படிவுகளிற் புதைத்து வைத்தனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இரு நாட்டு அறிஞரும் கூடி வாதிட்டனர். அதன்பின், குழிக்கு வெளியே கிடந்த கல்லை எவர் காட்டினும், அதனை நம்ப அறிஞருலகம் தயங்கியது. எக்குழியில், எந்த அடுக்கில், எவர் கண்முன் எடுக்கப்பட்டது என்ற வினாக்களுக்கு விடை இல்லாத கருவிக்கு மதிப்பில்லை என்ற நிலை உருவாயிற்று.

பல்லாவரத்தில் ஒரு நாள்

அவ்வாண்டு மே மாதம் 30 ஆந் திகதி, சென்னைக்கு அணித்தாக உள்ள பல்லாவரத்தில், படைமுகாமின் அணிவகுப்புத் திடலை அடுத்துச் சரளைக்காகத் தோண்டப்பட்ட சிறு குழி ஒன்றினருகே பூட் அவர்கள் நின்றார். குழியிலிருந்து வெளியே எறியப்பட்டிருந்தது செம்பூராங்கற் சரளை. நம் நாட்டிலே கபுக்கல் என்று சொல்லப்படும் இனத்தைச் சேர்ந்தது. அக்குவியலினிடையே கல் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. உள்ளங்கைக்கு அடங்கும் அளவினது. ஒரு முனை கூரியது. இரு முகங்களிலும் செதிள் செதிளாக உடைக்கப்பட்டிருந்தது. சொம் ஆற்றங்கரையிற் கிடைத்த கைக்கோடரிகளின் உருவத்தை அது ஒத்திருந்தது. பிரான்சிற் கிடைத்தவை தீக்கல்லால் ஆனவை. இதுவோ குவாட்சைற் என்னும் வன்பாறையால் ஆனது.

இந்தியாவிற் பழைய கற்காலம் என ஒன்று இருந்தது என்பதற்குக் கிடைத்த முதற்சான்று இதுவே. மெருகிட்ட புதிய கற்காலக் கோடரிகள் அதற்கு முன்னரும் அங்குமிங்கும் கிடைத்திருந்தன. ஊர்ப்புறங்களில் அவற்றை வழிபட்டோரும் உண்டு. ஆனால், செதுக்கியதன்றித் தீட்டப்படாத, அவற்றினும் பன்மடங்கு பழையதான கருவியை அறிந்து எடுத்தவர் அதற்கு முன்னர் இல்லை. வழிப்போக்கர் ஆயிரம் பேர் அக்குவியலைக் கடந்து சென்றிருத்தல் கூடும். கல்லை அறிந்தவன் கண்ணுக்கே அது கருவியாயிற்று.

எடுத்ததும் அவர் துள்ளிக் குதித்து ஊரறிய முழங்கவில்லை. குழிக்கு வெளியே கிடந்த தனிக்கல் ஒன்று எவரையும் நம்பவைக்கமாட்டாது என்பதை அறிந்து, மேலும் தேடலானார். நான்கு மாதம் கழிந்தது. செப்டெம்பர் 28 ஆந் திகதி, அவரும் அவருடைய உடன்பணியாளரான வில்லியம் கிங் என்பவரும், பல்லாவரத்துக்கு வடமேற்கே வெகு தொலைவில், கொற்றலையாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரை அடைந்தனர். அங்கே ஓடை அரித்த கரைகளிற் கருவிகளைக் கண்டனர். படிவினுள்ளே பதிந்திருந்தவையும் பின்னர் கிடைத்தன. ஐயத்துக்கு இடமின்றிப் போயிற்று.

கல் வந்த வழி

இனித்தான் புவிச்சரிதவியலாளனின் தனித்திறன் வெளிப்படுகின்றது. கருவியைச் செய்தவன் யார் என்று கேட்பதற்கு முன், கருவிக்குரிய கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார் பூட் அவர்கள். பல்லாவரத்துக் குன்றுகள் கருநீல நிறமான ஒருவகைப் பாறையாலானவை. பிற்காலத்தில், 1893 ஆம் ஆண்டில், தோமஸ் ஹொலண்ட் என்னும் புவிச்சரிதவியலாளர் அதற்குச் சார்னொக்கைற் எனப் பெயரிட்டார். அப்பெயரின் வரலாறு சுவையானது. கல்கத்தா நகரின் வளர்ச்சிக்கு அடிகோலிய யோப் சார்னொக் என்பவரின் கல்லறை அந்நகரில் உள்ளது. அக்கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹொலண்ட், அதே இனப் பாறை பல்லாவரத்துக் குன்றுகளில் இருத்தலைக் கண்டு, அக்கல் சென்னைப் பகுதியிலிருந்து கப்பலேறி வந்தது என்பதை உணர்ந்தார். கடல் கடந்து, இருநூறு ஆண்டு கழிந்த பின்னரும், கல் தன் பிறப்பிடத்தை மறப்பதில்லை என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

பல்லாவரக் கைக்கோடரி அவ்வூர்ப் பாறையால் ஆனதன்று. அதன் பாறையாகிய குவாட்சைற்றின் இயல்பை இங்கு அறிந்துகொள்ளுதல் நன்று. கடற்கரையிற் படிந்த தூய மணல், மேலும் மேலும் படிந்த சுமையால் இறுகிக் கல்லாகின்றது. மணிகளுக்கிடையேயுள்ள வெளியும் அதே படிகப் பொருளால் நிரம்பிவிடுமாயின், மணலும் அதனைப் பிணைத்த சாந்தும் ஓருடலாகிவிடுகின்றன. மென்மையான மணற்கல்லை அடித்தால் அது மணிகளின் ஓரமாக உதிரும். குவாட்சைற்றை அடித்தாலோ, முறிவு மணிகளின் ஊடாகவே பாய்ந்து, சிப்பியின் உட்புறம்போல் வளைந்த முகமும், கத்திபோன்ற விளிம்பும் தோன்றும். கருவி செய்வோனுக்கு வேண்டியது அதுவே. தென்னாட்டிற் பிரான்சிலுள்ளது போன்ற தீக்கல் வளம் இல்லை. இருந்தவற்றுள் தகுந்ததைத் தேர்ந்தெடுத்தான் பண்டை மனிதன்.

இக்கல்லின் ஊரைத் தேடிச் சென்றால், வழி வடமேற்கு நோக்கிச் செல்கின்றது. அத்திரம்பாக்கத்தை அடுத்த நிலங்களிற் குவாட்சைற்றுக் கூழாங்கற்கள் மிகுதியாக உள்ளன. அவற்றின் வடக்கிலும் மேற்கிலும் அள்ளிக்குழி, சத்தியவேடு ஆகிய குன்றுகள் உள்ளன. அக்குன்றுகளை உடைத்து நோக்கினால், அவை தனிப்பாறைகளாக இல்லை; உருண்டு வழுவழுப்பான கூழாங்கற்களும் குண்டுக்கற்களும் ஒன்றோடொன்று ஒட்டிச் செறிந்த சேர்பாறையாக உள்ளன. ஆகவே, சமவெளிக் கூழாங்கற்களுக்குத் தாய்வீடு இக்குன்றுகளே.

தேடல் இத்துடன் முடிந்ததா? இல்லை. குன்றினுள் இருக்கும் கூழாங்கல் உருண்டு வழுவழுப்பாக இருப்பதால், அதுவும் வேறெங்கிருந்தோ நீரால் உருட்டப்பட்டு வந்ததே. அதற்கும் அப்பால் நாகரி மலைகள் எழுந்து நிற்கின்றன. கடப்பைத் தொகுதி என அறிஞர் கூறும் மிகப் பழைய படிவுகளைச் சேர்ந்த குவாட்சைற்றாலான மலைகள் அவை. அங்கேதான் இக்கல்லின் மூலம். ஒரு கைக்கோடரியின் குலமுறையை இவ்வாறு கூறலாம்: நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர்க் கடலோர மணல், பின்பு இறுகிய மலை, மலை உடைந்து உருண்ட குண்டுக்கல், ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ச் சேர்பாறையாய்ச் செறிந்த குன்றின் ஓர் உறுப்பு, குன்று கரைய மீண்டும் விடுதலை பெற்ற கூழாங்கல், இறுதியாக, குனிந்து எடுத்த ஒரு மனிதன் கையிற் கருவி. இத்துணை நெடிய பயணத்தில் மனிதன் கைப்பட்டது கடைசி நொடியிலேயாம்.

1873 இல் வெளிவந்த, பாலாற்றுக்கு வடக்கேயுள்ள சென்னை, வடஆர்க்காட்டுப் பகுதிகளின் புவிச்சரிதவியல் பற்றிய அவரது பெருங்கட்டுரை, இப்பாறைகளை ஒழுங்குபட விளக்குகின்றது. அதற்கு முன்னரே, 1866 இற் சென்னை இலக்கிய விஞ்ஞான சஞ்சிகையில் கற்கருவிகள் பற்றிய கட்டுரையை அவர் வெளியிட்டிருந்தார். 1868 இல் இங்கிலாந்திலுள்ள நொறிச் நகரில் நடைபெற்ற வரலாற்றுக்கு முந்திய கால ஆராய்ச்சி மாநாட்டின் வாயிலாக இச்செய்தி ஐரோப்பிய அறிஞர்க்கு எட்டியது.

அறிஞர் செய்த பிழை

பெரியோரைப் போற்றும்பொழுது அவர்தம் பிழைகளை மறைப்பது நேர்மையன்று. கருவிகள் கிடந்த செம்பூராங்கற் படிவுகள் கடலடியில் உருவானவை எனப் பூட் அவர்கள் முதலிற் கருதினார். நிலம் கடலுள் தாழ்ந்திருந்த காலத்தில் கருவிகள் நீரிற் சென்று படிந்தன என்பது அவர் கொள்கை. அக்கொள்கை நிலைபெறவில்லை. மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்க, நிலத்தின் மேலேயே பாறைகள் சிதைந்து செம்பூராங்கல் உண்டாகின்றது என்பதும், அத்திரம்பாக்கச் சரளைகள் ஆறுகளாலும் ஓடைகளாலும் பரப்பப்பட்டவை என்பதும் பின்னர்த் தெளிவாயின.

ஆனால், அவர் பிழையைப் பிறர் திருத்தக்கூடியதாக இருந்தமைக்குக் காரணமும் அவரேயாவார். ஒவ்வொரு கருவியும் எவ்வூரில், எப்படிவில், எவ்வகைப் பாறையில் கிடைத்தது என்பதை அவர் குறித்து வைத்தார். கொள்கை மறைந்தது, குறிப்பு நிலைத்தது. குறிப்பு இருந்தமையால், பின்வந்தோர் அதே இடத்துக்குச் சென்று, அதே கரையிற் குந்தியிருந்து, மீண்டும் நோக்க முடிந்தது.

பல்லாரியின் கோடரித் தொழிற்களம்

பழைய கற்காலத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பல்லாரி மாவட்டத்திலுள்ள குப்கல் குன்றில், 1872 இல், பொறியியலாளரான வில்லியம் பிரேசர் என்பவர் புதிய கற்கால எச்சங்களைக் கண்டார். அவ்விடத்தின் பொருளை விளக்கியவர் பூட் அவர்களே. அக்குன்று கருங்கல்லால் ஆனது. ஆனால், அதன் ஊடே சுவர்போன்று கரும்பாறைப் பட்டை ஒன்று ஓடுகின்றது. பூமியின் அடியிலிருந்து உருகிய குழம்பு வெடிப்பினூடே புகுந்து உறைந்தமையால் உண்டான தொலறைற் என்னும் பாறை அது. அதனருகே செதிள்களும், அரைகுறையாகச் செதுக்கிக் கைவிட்ட கோடரிகளும், தீட்டி முடித்தவையும் குவிந்து கிடந்தன. பாறையும் அங்கே, பட்டறையும் அங்கே. கல்லின் ஊரைத் தேடி அலைய வேண்டிய தேவையே அங்கு ஏற்படவில்லை. ஊரே தொழிற்களமாயிருந்தது.

அண்மைக் கால ஆய்வுகள் அக்களம் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டிற் பெரும் அளவிற் கோடரி உற்பத்தி செய்த இடம் என்பதை உறுதிப்படுத்தியுள்ளன. வருந்தத்தக்க செய்தி யாதெனில், இக்காலக் கற்குழிகளின் வெடிமருந்து அக்குன்றின் ஒரு பகுதியை ஏற்கெனவே விழுங்கிவிட்டது என்பதாம். நாலாயிரம் ஆண்டு நிலைத்ததைச் சல்லிக் கல்லாக்க நாலு கிழமை போதும்.

அம்மாவட்டத்திற் காணப்படும் பெருஞ்சாம்பல் மேடுகள் மாட்டுச்சாணம் எரிந்தமையால் உண்டானவை என்று அவர் கூறிய கருத்தை, ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டின் பின்னர், உட்னூரில் றேமண்ட் அல்சின் நடத்திய அகழ்வு மெய்ப்பித்தது. 1884 இல் கர்நூலைச் சேர்ந்த பில்லசுர்க்கம் குகைகளை அகழ்ந்து, பண்டை விலங்குகளின் எலும்புகளை வெளிக்கொணர்ந்தார். அப்பணியைப் படையதிகாரியாயிருந்த அவர் மைந்தர் தொடர்ந்தார். தென்னாட்டுப் பொன் விளையும் பாறைத் தொகுதியை வேறுபடுத்தி அறிந்து, தார்வார் தொகுதி என அதற்குப் பெயரிட்டவரும் அவரே. கோலார்ப் பொன்னைப் பற்றிப் பேசுவோர் பலர் அப்பெயரை அறிவர், பெயரிட்டவரை அறியார்.

முதுமையும் மறைவும்

முப்பத்துமூன்று ஆண்டுப் பணிக்குப் பின் 1891 இல் அவர் இளைப்பாறினார். இளைப்பாறுதல் என்பது அவர் திறத்திற் பெயரளவே. பரோடா அரசிற்காக அந்நாட்டை ஆராய்ந்தபோது சபர்மதி ஆற்றங்கரையிலும் கற்கருவிகளைக் கண்டார். பின்னர் மைசூர் அரசின் புவிச்சரிதவியல் திணைக்களம் அமைவதற்கும் துணைநின்றார். ஏற்காட்டு மலையில் வீடு அமைத்து வாழ்ந்தார். மாமனாராகிய பேர்சிவல் பாதிரியார் 1882 இல் மறைந்ததும் அம்மலையிலேயே.

வாழ்நாள் முழுவதும் அவர் தேடிச் சேர்த்த கருவிகள் 1904 இற் சென்னை அரும்பொருட்காட்சிச்சாலையைச் சென்றடைந்தன. நானூறுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை அவை. கண்பார்வையும் உடல்வலியும் குன்றும் முதுமையில், அவற்றின் அட்டவணையை எழுதுவதே அவருக்குப் பெரும்பணியாயிற்று. எழுதிய நூல்கள் அச்சேறி வருவதை அவர் காணவில்லை. 1912 ஆம் ஆண்டு டிசெம்பர் 29 ஆந் திகதி கல்கத்தாவில் அவர் காலமானார். அட்டவணையின் இரு பாகங்களும் 1914 இலும் 1916 இலும் வெளிவந்தன. அந்நூலைப் புரட்டுவோர்க்குக் கருவியின் உருவத்தினும் அது கிடைத்த ஊரின் பெயரே முன்னிற்பது தெரியவரும். பல்லாவரத்துக் கல் ஒன்று சார்னொக்கின் கல்லறையாகக் கல்கத்தாவிற் கிடக்கின்றது. பல்லாவரத்தாற் புகழ்பெற்ற மனிதரும் அந்நகரிலேயே கண்மூடினார்.

மீண்டும் அத்திரம்பாக்கம்

அவர் மறைந்த பின்னரும் அத்திரம்பாக்கம் பேசுவதை நிறுத்தவில்லை. அங்குள்ள கருவிப் படிவுக்கு அடியிற் களிமண் அடுக்கு ஒன்று உண்டு. மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் படிந்த பழைய களிப்பாறை அது என்றே நெடுங்காலம் எண்ணினர். அதனுள் தோண்டுவது வீண் எனக் கருதப்பட்டது. 1999 இல் தொடங்கிய அகழ்வில், சாந்தி பப்பு அவர்களும் குமார் அகிலேஷ் அவர்களும் அக்களிமண்ணுள்ளும் இறங்கினர். அதனுள்ளே கைக்கோடரிகள் இருந்தன! பழைய பாறை என எண்ணப்பட்டது, ஆறு வெள்ளமாய்ப் பெருகியபோது விட்டுச்சென்ற வண்டலே எனத் தெளிவாயிற்று.

அக்கருவிகளின் காலத்தை அறிய உதவியதும் குவாட்சைற்றேயாகும். நிலத்தின்மேற் கிடக்கும் படிகக் கல்லை விண்ணிலிருந்து வரும் கதிர்கள் தாக்குவதால், அதனுள் அலுமினியம் 26, பெரிலியம் 10 என்னும் அணுக்கள் சிறிதளவு உண்டாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் அவை உண்டாவது நின்று, வெவ்வேறு வேகத்தில் அழியத் தொடங்குகின்றன. எஞ்சிய இரண்டின் விகிதத்தை அளந்தால், கல் புதைந்த காலத்தைக் கணிக்கலாம். இம்முறையால் ஆறு கருவிகளை ஆராய்ந்தும், மண்ணிற் பதிந்த பூமியின் காந்தத் திசையை ஆராய்ந்தும், 2011 இல் முடிவு வெளியிடப்பட்டது. அக்கருவிகள் பத்து இலட்சத்து எழுபதினாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடையவை; சராசரி பதினைந்து இலட்சம் ஆண்டுகள் என்பதே அம்முடிவு. 2018 இல் வெளிவந்த ஆய்வு, கைக்கோடரிப் பழக்கம் மறைந்து நுண்ணிய செதிற் கருவிகள் தோன்றிய மாற்றம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது எனக் காட்டியது.

இவ்வகழ்வுகள் கல்லின் ஊர் பற்றிய பழைய வினாவையும் மீண்டும் எழுப்பின. பெரிய கைக்கோடரிகளுக்கு வேண்டிய பெருஞ்செதில்கள் அங்கே உடைக்கப்பட்டமைக்குச் சான்று அரிதாகவே இருந்தது. வேறிடத்திலுள்ள குண்டுக்கற்களிலிருந்து செதில்களை உடைத்தெடுத்து, அத்திரம்பாக்கத்துக்குச் சுமந்து வந்து செப்பனிட்டனர் என்றே கொள்ள வேண்டியிருக்கின்றது. நாளைக்கு ஒரு கருவி வேண்டும் என இன்றே எண்ணி, கல்லைச் சுமந்து நடந்த ஒருவனின் சிந்தை அங்கே நமக்குப் புலனாகின்றது. கல்லின் ஊரை அறியாவிடின் அச்சிந்தையை நாம் எவ்வாறு அறிந்திருப்போம்?

நமது நாட்டில்

ஈழநாட்டிலும் இத்தேடலுக்கு இடமுண்டு. 1907 இற் சரசின் குடும்பத்து உறவினர் இருவர் இங்குள்ள குகைகளிற் கற்கருவிகளைக் கண்டனர். 1919 இல் வேலண்ட் என்னும் புவிச்சரிதவியலாளர் இந்நாட்டின் கற்காலம் பற்றிக் கட்டுரை வரைந்தார். வடபகுதியிலுள்ள இரணைமடுவின் பெயர், கற்கருவிகள் அடங்கிய செம்மண் சரளைப் படிவு ஒன்றிற்குப் பெயராய் அறிஞர் நூல்களில் இடம்பெற்றுள்ளது. இந்நாட்டுப் பண்டை மக்கள் பெரும்பாலும் வெண்படிகக் கல்லையும் சேட் என்னும் கல்லையுமே பயன்படுத்தினர். அவரவர் நாட்டுக் கல்லுக்கேற்ப அவரவர் கருவி அமைந்தது.

பல்லாவரத்தில் அன்று தோண்டிய சிறு குழி எங்கே இருந்தது என இன்று சுட்டிக் காட்டுதல் அரிது. வீடுகளும் வீதிகளும் அதனை மூடிவிட்டன. ஆயினும் அக்குழியின் பெயரும் நாளும் அழியவில்லை. எழுதி வைத்த ஒருவர் இருந்தார். நம் மாணவர் குளத்தங்கரையிலோ, கிணறு வெட்டிய மண்ணிலோ புதுமையான கல் ஒன்றைக் கண்டெடுத்து ஆசிரியரிடம் கொண்டுவரும் நாள் வரலாம். அழகிய கல் என்று மேசைமேல் வைத்துவிட்டால், அது வெறுங் கல்லாகவே இருந்துவிடும். எங்கே எடுத்தாய், எவ்வளவு ஆழத்தில், அருகே வேறென்ன இருந்தது என்று ஆசிரியர் வினாவி, விடையை ஒரு தாளில் எழுதிக் கல்லோடு சேர்த்து வைப்பாராயின், புறூஸ் பூட் அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடன் அதுவே.